நாதஸ்வரச் சக்கரவர்த்தியின் நடையுடை பாவனை

பெரியோர்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அவர்கள் பிறந்த ஊர், கற்ற குரு, பெற்ற பட்டம், மறைந்த தேதி என்று வரிசைப்படுத்தி எழுதி முடித்துவிடுவது வழக்கம். அவர் எந்தச் சட்டையை விரும்பி அணிந்தார், தலையை எப்படி வாரிக்கொண்டார், வீட்டில் இருக்கும்போது எதிலே இன்பங் கண்டார் என்று எவரேனும் கேட்டால், "இதுவும் ஒரு சரித்திரமா?" என்று நகைப்பார்கள். நாமும் அப்படி நகைத்தவர்கள்தாம். நகைத்தது பிழை என்று எமக்கு எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்லிவிட்டே விஷயத்துக்கு வருவது நேர்மையாகும்.

சென்ற வருடம் எமது பகுதியில் நடந்த ஒரு கோயில் திருவிழாவில், லிங்கநகர் வாலிபர்கள் சிலர் தொண்டுக்கு நின்றோம். தண்ணீர்ப் பந்தல், செருப்புக் காவல், அன்னதானப் பந்தி ஆகியவற்றோடு, வெளியூரிலிருந்து வந்த மேள கோஷ்டியைக் கவனிக்கும் பொறுப்பும் எங்கள் தலையில் விழுந்தது. கோஷ்டியின் தலைவர் அறுபது வயதைத் தாண்டியவர். வந்து இறங்கியதும் அவர் கேட்டவை இரண்டே பொருள்கள்: ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஓர் இஸ்திரிக்கைப்பெட்டி. மடத்தின் பின்னறையில் கண்ணாடி இல்லை. எங்களில் ஒருவன் மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்தச் சிறு வட்டத்திலே முகத்தை அங்குமிங்குமாகத் திருப்பிப் பார்த்து, நரைத்த முடியை எண்ணெய் தடவி வாரி, விபூதியைக் கோடு பிசகாமல் இட்டு, பட்டு ஜிப்பாவின் கையைத் தாமே மடிப்பு எடுத்து, கடைசியில் பையிலிருந்து சிறிய சென்ற் போத்தல் ஒன்றை எடுத்துக் காதோரம் தடவிக்கொண்டார். வாசலில் நின்ற நாம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். "மாப்பிள்ளை வெளிக்கிடுறார்" என்றான் ஒருவன். அவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். "தம்பிமார், சாமிக்கு முன்னால போறதெண்டால் சும்மா போகேலுமே?" என்று மட்டும் சொல்லி, நாதஸ்வரத்தை உறையிலிருந்து எடுத்தார்.

அன்றிரவு சுவாமி வீதி வலம் வந்து முடிய நடுநிசியாயிற்று. அன்னதானம் முடிந்து பாத்திரங் கழுவும் நேரத்தில் உபயகாரர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வி இது: "மேளம் சாப்பிட்டுதோ?"

மேளம் சாப்பிட்டுதோ! நாலு மணிநேரம் நின்றும் நடந்தும் வாசித்த மனிதரைக் கருவியின் பெயராலேயே அஃறிணையாக்கிக் கேட்டார். கேட்டவர் கெட்டவரல்லர். அவரிடம் வன்மமும் இல்லை. இதைவிட வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், "இன்னும் இல்லை, பந்தி முடிஞ்சிட்டுது" என்று நாமும் தடுமாறாமல் பதில் சொன்னதுதான். கோஷ்டியார் ஐவரும் சமையற் கொட்டகையின் ஓரத்திலே, சாக்கு விரிப்பில் இருந்து, ஆறிய சோறும் கடைசிச் சாம்பாரும் உண்டார்கள். பட்டு ஜிப்பா அழுக்காகாதபடி அதைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெரியவர் உண்ட காட்சி இன்றைக்கும் எங்கள் கண்ணை விட்டு அகலவில்லை. அவர் ஏன் அப்படி உடுத்தினார் என்ற கேள்வியே, இந்தக் கலையின் சக்கரவர்த்தி என்று பேர்பெற்ற ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கும்படி எங்களைத் தூண்டியது. அவர்தாம் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை.

அவர் 1898 ஆகஸ்ட் 27இல் தஞ்சைத் தரணியின் திருமருகலில் பிறந்தார். தந்தை குப்புசாமிப் பிள்ளை, தாய் கோவிந்தம்மாள். இட்ட பெயர் பாலசுப்பிரமணியம் என்றும், ராஜரத்தினம் என்ற பெயர் பின்னர் வந்தது என்றும் சொல்வர். தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்துவான். மருமகனை அவரே மகனாக ஏற்று வளர்த்தார். பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துக்களும் அந்த மாமனையே குறிக்கின்றன. சிறுவன் முதலிற் கற்றது வாய்ப்பாட்டு. கற்பித்தவர் வயலின் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணையர். பாடகராகத் தொடங்கிய ஒருவர் பின்னர் குழலைக் கையிலெடுத்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அவருடைய தோடி ஏன் மனிதக் குரல்போல நீண்டு, வளைந்து, ஏங்கிற்று என்பது கொஞ்சம் விளங்கும்.

நிற்க. அவர் பிறந்த காலத்தில் நாதஸ்வர வித்துவானின் தோற்றம் எப்படி இருந்தது? பழைய படங்களைப் பார்த்தாலே போதும். தலையிற் குடுமி, காதிற் கடுக்கன், மேலுக்குச் சட்டையில்லை. மேல் துண்டு தோளில் அல்ல, இடுப்பில். பெரிய மனிதர் முன்னிலையில் துண்டு தோளில் இருக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். வாசிப்பது பெரும்பாலும் நின்றபடி, ஊர்வலமென்றால் நடந்தபடி. வாய்ப்பாட்டுக்காரரும் வீணைக்காரரும் மேடையில் ஜமக்காளத்தில் அமர்ந்து கச்சேரி செய்ய, மேளகாரர் பந்தலின் ஓரத்தில் நிற்பார். கலியாண வீட்டிலே சத்தத்துக்கு வேண்டியவர், சபையிலே வேண்டாதவர். மங்கல வாத்தியம் என்று கருவியைக் கும்பிடுவார்கள். அதை ஊதுபவனைக் கொட்டகைக்கு அனுப்புவார்கள். இந்த முரண்பாட்டைத் தமிழர் நாம் நூற்றாண்டுக் கணக்கில் கவனியாமலே வாழ்ந்திருக்கிறோம்.

ராஜரத்தினம் பிள்ளை இதற்கு மேடைப் பிரசங்கத்தால் பதில் சொல்லவில்லை. நாவிதரிடமும் தையற்காரரிடமும் போனார்! குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். நீண்ட ஷெர்வாணியும் பட்டு ஜிப்பாவும் தரித்தார். காதில் வைரக் கடுக்கன் மின்ன, விரல்களில் மோதிரம் ஒளிர, மார்பிலே தங்கப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு சமஸ்தானத்து இளவரசர் போலச் சபைக்குள் வந்தார். இன்று எஞ்சியிருக்கும் அவருடைய படங்களிலே நாம் காண்பது இந்த உருவத்தைத்தான். துண்டை இடுப்பில் கட்டு என்று சொல்ல எவருக்கும் நா எழாதபடி அந்த உடை இருந்தது. கோட்டின் மேல் துண்டு கட்டச் சொல்வது எப்படி? வழக்கை உடையே வாதாடி வென்றுவிட்டது எனலாம்.

அதோடு நிற்கவில்லை. நின்றுகொண்டு வாசிக்க முடியாது, மற்றச் சங்கீத வித்துவான்களைப் போல மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்று நிபந்தனை வைத்தார். சம்மதியாத இடத்துக்குப் போகவும் மறுத்தார். அவரைக் கேட்காமல் இருக்கவும் சனங்களுக்கு முடியவில்லை. ஆகவே மேடை போட்டார்கள். காரில் வந்து இறங்குவார், முதல் வகுப்பிலே ரயிலேறுவார் என்றெல்லாம் அக்காலத்தவர் வியந்தும் பொறாமைப்பட்டும் பேசியிருக்கிறார்கள். 'தலைக்கனம்' என்பது அவரைப்பற்றி அடிக்கடி வரும் சொல். பாடகர் ஒருவர் காரில் வந்தால் அது அந்தஸ்து, மேளகாரர் வந்தால் தலைக்கனம்! இந்தச் சொல்லை எடுத்து ஆளுவோர் ஒருகணம் யோசிக்க வேண்டும்.

அதே காலத்தில் வேறொருவர் தோளிலிருந்த துண்டுக்காகவே ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. சுயமரியாதை இயக்கம் பரவிக்கொண்டிருந்த நாட்களில், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் மதுரை சிவக்கொழுந்து என்னும் நாதஸ்வர வித்துவான் தோளிலே துண்டு போட்டபடி வாசித்து வந்தார். அதை எடுக்கும்படி சிலர் அதட்ட, அங்கிருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி எடுக்க வேண்டாமென்று எதிர்த்து நின்றார் என்பது பலரும் சொல்லும் செய்தி. ஒரு முழத் துண்டுக்கு இவ்வளவு அமளியா என்று எம்மைப்போல் மிஷன் பாடசாலையில் படித்துக் காற்சட்டையோடு வளர்ந்தவர்களுக்குத் தோன்றலாம். எங்களுக்குக் கழுத்துப் பட்டியைக் கட்டக் கற்றுத்தந்தார்கள். எவரும் அதை அவிழ்க்கச் சொல்லவில்லை. ஆகையாற்றான் எமக்கு உடையென்பது அற்ப விஷயமாயிற்று.

மிஷன் பாடசாலை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அங்கே ஆர்கன் வாத்தியத்தின் பக்கத்திலே மேனாட்டு மேதைகளின் படங்கள் மாட்டியிருந்தன. வெண்ணிறப் பொய்முடி, மடிப்பு மடிப்பான கழுத்துத் துணி, பித்தான் பளபளக்கும் மேலங்கி. 'எத்தனை கௌரவமாக வாழ்ந்திருக்கிறார்கள்' என்று அண்ணாந்து பார்ப்போம். பின்னர் நூல்நிலையத்திலே அவர்களின் சரித்திரத்தைப் புரட்டியபோது, அந்த உடையிலும் ஓர் இடுப்புத் துண்டு ஒளிந்திருக்கக் கண்டோம். ஹைடன் 1761 மே 1ஆம் தேதி எஸ்தர்ஹாசிப் பிரபுவின் அரண்மனையிற் சேர்ந்தபோது எழுதிய ஒப்பந்தத்திலே, வெள்ளைக் காலுறையும் வெள்ளைத் துணியும் தரித்து, தலைக்கு மா தூவி, பின்னல் இட்டு வரவேண்டும் என்றும், நாள்தோறும் முற்பகலிலும் பிற்பகலிலும் வாயிலறையில் வந்து நின்று இன்றைக்கு வாத்தியம் உண்டா என்று கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது. நாம் கௌரவம் என்று நினைத்தது சேவகச் சீருடை!

மொஸார்ட்டின் கதை இன்னும் எங்கள் திருவிழாவுக்கு அருகில் வருகிறது. 1781ஆம் ஆண்டு, சால்ஸ்பர்க் பேராயரின் பரிவாரத்தோடு வியன்னாவுக்கு வந்த அவரை மேசையில் ஏவலாளரோடும் சமையற்காரரோடும் இருத்தினார்கள். சமையற்காரருக்கு மேலே ஓரிடம் கிடைத்ததே பாக்கியம் என்ற பொருள்பட அவர் தந்தைக்குக் கசந்து எழுதினார். அவ்வருடமே வேலையை உதறினார். பேராயரின் அதிகாரி ஒருவர் உதைத்து வெளியே அனுப்பினார். உதறிய பிறகு அவர் செய்ததென்ன? நல்ல உடைக்கு ஆசைப்பட்டார். 1782இல் ஒரு சிவப்பு மேலங்கி அவர் மனதைக் கிள்ளிவிட்டது. அதற்கு முத்துச்சிப்பிப் பித்தான்கள் வைக்க வேண்டும் என்று ஒரு சீமாட்டிக்கு ஏங்கி எழுதிய கடிதம் இருக்கிறது. பின்னர் ஆண்டுக்கு 460 கில்டர் வாடகையில் ஒரு பெரிய வீட்டில் வாழ்ந்தார். பில்லியர்ட் ஆடுவதிலே அவருக்கு மோகம். 1784 மே 27இல் ஒரு மைனா இனப் பறவையை வாங்கி வளர்த்தார். தம்முடைய இசைத் துணுக்கு ஒன்றை அது பிழையோடு பாட, அந்தப் பிழையையும் கணக்குப் புத்தகத்தில் எழுதி, 'அழகாயிருந்தது' என்று குறித்தார். 1787இல் அது இறந்தபோது தோட்டத்தில் அடக்கஞ் செய்து இரங்கற்பா ஒன்றும் பாடினார். மேனாட்டார் இந்தப் பறவையையும் அந்தச் சிவப்பு அங்கியையும்கூடச் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் மேதைகளின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதியவர் எத்தனை பேர்?

ராஜரத்தினம் பிள்ளையின் வீட்டு வாழ்வைப்பற்றி எஞ்சியிருப்பவை துண்டுதுண்டான நினைவுகளே. கை திறந்து செலவு செய்தவர், வந்தவருக்கு விருந்து போட்டவர், நகையிலும் உடையிலும் பிரியமுள்ளவர், நினைத்தால் மணிக்கணக்காகத் தோடியை விரிப்பவர், நினையாவிட்டால் சபையையே காக்க வைப்பவர் என்று ஒரு சித்திரம் கிடைக்கிறது. மதுப் பழக்கமும் இருந்தது. அதைக் கலைஞனின் அணிகலன் போலப் புகழ்ந்து எழுதுவோரும் உண்டு. நாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்லர். 58 வயதிலே மாரடைப்பால் அவர் மறைந்தார் என்னும்போது புகழ மனம் வருமா? ஆனால் அது ஒன்றையே பேசி மற்றதை மறப்பவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை.

வித்துவானின் வீடு என்றால் அங்கே முக்கியமான பொருள் கடுக்கனும் ஷெர்வாணியும் அல்ல, சீவாளி. நாணல் இனத்தைச் சேர்ந்த கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்தி, வெட்டி, மடித்து, நூலாற் கட்டிச் செய்யப்படும் சிறு பொருள் அது. உதட்டினிடையே வைத்து ஊதுவதற்குரியது. திருவாவடுதுறை சீவாளிக்குப் பேர்போன ஊர். பச்சைத் தட்டை வாசிக்கத்தக்க சீவாளியாக வர மாதக்கணக்காகும். வந்தபின்னும் ஒன்று இனிக்கும், ஒன்று கீச்சிடும், நேற்று இனித்தது இன்று மழைக்காற்றில் ஊமையாகும். ஆகவே நாதஸ்வரத்தின் மேற்பகுதியிலிருந்து பல சீவாளிகள் சரமாகத் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அலங்காரமென்று நாம் நினைத்தது அவர்களின் அவசரப் பெட்டி. கச்சேரி இல்லாத பகற்பொழுதிலே, விறாந்தையில் இருந்து ஒவ்வொரு சீவாளியாக வாயில் நனைத்து, ஊதிப் பார்த்து, நகத்தால் நெருடி, நல்லதைப் பிரித்து வைப்பதுதான் அவ்வீடுகளின் தினசரி இன்பமும் துன்பமும். எங்கள் ஊருக்கு வந்த பெரியவரும் அதைத்தான் செய்தார். கடற்காற்று ஈரம் சீவாளிக்கு ஆகாது என்று முணுமுணுத்தபடி, துறைமுகப் பக்கத்துச் சாளரத்தைச் சாத்தச் சொன்னார். 'இவருக்கு எத்தனை நளினம்' என்று அதற்கும் சிரித்தோம்.

ராஜரத்தினம் பிள்ளையின் இந்தக் 'கூடுதல் கேட்கும்' சுபாவம் உடையோடு நிற்காமல் கருவிக்குள்ளும் புகுந்தது. இதுவே எமது கட்டுரையின் மையம். அவருக்கு முன்னர் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குட்டையான நாதஸ்வரம். உச்ச சுருதி; ஊர்வலத்துக்கு வாய்த்தது. அதிலே சுத்த மத்திமம் சரியாக நிற்காது. உதட்டாலும் மூச்சாலும் வளைத்துத்தான் கொண்டுவர வேண்டும். அவர் தெருவை விட்டு மேடையில் அமர்ந்தவரல்லவா? அருகில் இருப்போர் கேட்கக்கூடிய கனிந்த நாதம் வேண்டியிருந்தது. கும்பகோணத்துக்கு அணித்தான நரசிங்கம்பேட்டையிலே ரங்கநாதன் ஆசாரி என்ற கைவினைஞரோடு சேர்ந்து, நீளங் கூடிய, சுருதி தாழ்ந்த, சுத்த மத்திமம் நேராகப் பேசும் பாரி நாதஸ்வரத்தை உருவாக்குவித்தார். அவர் துளையிட்ட அளவே பின் வந்தோர்க்கெல்லாம் அளவாயிற்று. பழைய வீடுகளிலிருந்து எடுத்த, பல்லாண்டு காய்ந்த ஆச்சா மரத்தினால் அவ்வூரார் செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒத்து என்று ஒரு குழலை, பெரும்பாலும் ஒரு பையன், கன்னம் உப்ப இடைவிடாமல் ஊதிக்கொண்டிருப்பான். அதன் இடத்திலே தம்புராவைக் கொண்டுவந்து வைத்தவரும் ராஜரத்தினமே. யோசித்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. தாம் அமர்ந்தார், அமர்ந்தமையால் சுருதி இறங்கிற்று, சுருதி இறங்கியமையால் தோடி விரிந்தது. உட்காரும் உரிமையைக் கேட்டிராவிட்டால் அந்தத் தோடியை நாம் கேட்டிருக்க மாட்டோம். அதன் இசைத்தட்டு விற்றதைப்போல் அந்நாளில் நாதஸ்வரத் தட்டு வேறு விற்றதில்லை என்பர். எங்கள் பாட்டன்மார் கிராமபோனைச் சுற்றியிருந்து கேட்டது அதைத்தான்.

சினிமாவும் அவரை விடவில்லை. 1940இல் அமெரிக்கராகிய எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் கவி காளமேகமாக நடித்தார். வசை பாடும் வரகவிக்கு இவரைத் தேர்ந்தெடுத்தவர் மனிதரை அறிந்தவரே! அவர் காலமானபின் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' 1968இல் படமாக வந்தபோது, கோபமும் மிடுக்கும் நிறைந்த அந்தச் சிக்கல் சண்முகசுந்தரத்தைப் பார்த்தவர் பலர் ராஜரத்தினத்தை நினைத்தார்கள். திரையில் அந்த மிடுக்குக்குக் கைதட்டிய சனங்களே, மறுநாள் கலியாண வீட்டில் "மேளத்துக்குச் சோறு வையுங்கோ" என்றிருப்பார்கள். நாமும் அப்படியே செய்தோமென்று முன்னரே ஒப்புக்கொண்டோம்.

இனி, அவருக்கு முற்றிலும் வேறான ஒருவரையும் பார்க்க வேண்டும். 1947 ஆகஸ்ட் 14 இரவு, திருவாவடுதுறை ஆதீனத்தின் செங்கோலை டில்லியில் நேருவிடம் கொண்டுசென்றபோது முன்னே ஒலித்தது ராஜரத்தினத்தின் நாதஸ்வரம் என்று சொல்லப்படுகிறது. அதே சுதந்திர வேளையில் செங்கோட்டையில் ஷெனாய் வாசித்தவர் காசி நகரத்து உஸ்தாத் பிஸ்மில்லா கான். ஷெனாயும் நாதஸ்வரமும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் உயிர் நாணல்தான். ஆனால் இவரோ எளிமையின் வடிவம். 1916இற் பிறந்து 2006இல் மறையும்வரை காசியின் சந்துக்குள் இருந்த பழைய வீட்டை விட்டுப் போகவில்லை. மாடியில் ஒரு சிற்றறை, ஒரு கட்டில். வெளியே போகச் சைக்கிள் ரிக்‌ஷா. விரலிடுக்கில் சிகரெட். 2001இல் பாரத ரத்னா கிடைத்த பின்னும் அதே சிற்றறை. முஸ்லிமாகிய அவர் இளமையிற் சாதகம் செய்தது கங்கைக்கரைப் பாலாஜி கோயிலில். வெளிநாட்டில் வந்து குடியிருங்கள் என்றவர்களிடம், கங்கையை அங்கே கொண்டுவருவீர்களா என்று கேட்டாராம். மனைவி இறந்த பின் ஷெனாயையே பேகம் என்று அழைத்து வந்தார்.

இவ்விருவரையும் தராசில் வைத்து, எளியவரே உயர்ந்தவர் என்று சொல்லிவிடுவது சுலபம்; பிரசங்க மேடைகளில் அப்படித்தான் சொல்வார்கள். எமக்கு அதிலே சம்மதமில்லை. எல்லாரும் தரத் தயாராயிருப்பதை வேண்டாமென்பவர் எளிமையானவர். எவரும் தராததை வேண்டுமென்று கேட்டவர் ராஜரத்தினம். கதிரை கொடுத்தபின் தரையில் இருப்பது பணிவு. கதிரையே இல்லாதவனைத் தரையில் இருத்திவிட்டு அவன் பணிவைப் புகழ்வது எந்த நியாயம்?

எமது ஈழத்திலும் இந்தக் கலை வேரூன்றியது. தமிழகத்து வித்துவான்கள் திருவிழாக் காலங்களிற் கடல்கடந்து யாழ்ப்பாணம் வருவதும், இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களில் நம்மவர்கள் தலையெடுத்ததும் யாவரும் அறிந்தவை. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும், யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலும் அக்கரையாரும் தலைவணங்கியவை. 1933 முதல் 1975 வரை மட்டுமே வாழ்ந்தவர் தட்சணாமூர்த்தி. தவிற்காரரின் வலக்கை விரல்களிற் போடும் கூடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? துணியைப் பசையில் தோய்த்து விரல் விரலாகச் சுற்றிக் காயவைத்துத் தாமே செய்துகொள்வார்கள். திருவிழா முடிந்த இரவில் எங்கள் கோஷ்டியின் தவிற்கார இளைஞர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றியபோது விரல் நுனிகள் சிவந்து வீங்கியிருந்தன. அந்த விரலாலேயே ஆறிய சோற்றைப் பிசைந்தார்.

ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பர் 12இல் சென்னையிற் காலமானார். பிள்ளைச் செல்வம் இல்லாதவருக்குச் சீடர்களே பிள்ளைகள். அவர்களிற் காருகுறிச்சி அருணாசலம் 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துக்காக ஜானகியின் குரலோடு போட்டியிட்டு ஊதியதை இன்றும் கலியாண வீடுகளில் ஒலிபெருக்கி ஊதிக்கொண்டிருக்கிறது. அவர் 1964இல், இன்னும் குறைந்த வயதிலே போய்விட்டார்.

இம்மலர் அச்சுக்குப் போகும் இவ்வேளையில், எமது பகுதியின் இவ்வருடத் திருவிழாவுக்கான கூட்டம் இரண்டு தடவை கூடிவிட்டது. சென்ற வருடம் வந்த அதே பெரியவரைத்தான் அழைத்திருக்கிறார்கள். கோஷ்டியை முதற்பந்தியில் இருத்த வேண்டும் என்ற எமது விண்ணப்பத்துக்கு, சுவாமி உள்ளே போகுமுன் அவர்கள் எப்படி வாயை நனைப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி, நாம் யோசித்திருக்கவில்லை. சுவாமி உள்ளே எழுந்தருளிய பின்னர், உபயகாரரும் கோஷ்டியாரும் ஒரே பந்தியில், சுடச் சமைத்த சோற்றோடு இருப்பது என்று ஒருவாறு முடிவாயிற்று. வீதியில் இடையிடையே அமர்ந்து வாசிக்க ஒரு சிறு மேடை கேட்டோம். பலகைக்குப் பணமில்லை என்று பொருளாளர் கைவிரித்தார். அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. மடத்தின் பின்னறைக்கு மூன்றடி உயரக் கண்ணாடி ஒன்றை எங்களில் ஒருவனின் தாயார் தந்திருக்கிறார். அதைச் சுவரில் மாட்டிவிட்டோம். துறைமுகப் பக்கத்துச் சாளரத்தின் கொண்டி உடைந்திருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.